இரண்டு மணிக்கு வருகிற ஆள்

இளம்பரிதியின் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அவன் எழுதிய ப்ளக்இன் மூன்று பேர் என்று சொன்னது.

ப்ளக்இன் ஒரு மாதம் வீட்டைக் கவனித்துப் பழகிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை அறிக்கையை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோதனைக்கு விட்டிருக்கிற மென்பொருள் ஆளை எண்ணுவதில் தடுமாறுவது சகஜம்தான். ஆனால் இரண்டாவது திங்கட்கிழமையும் வாராந்திர அறிக்கையில் அதே வரி வந்தது. 'வீட்டில் உள்ளவர்கள்: 3.' மூன்றாவது திங்கட்கிழமை அவன் காலை டிபனைப் பாதியில் வைத்துவிட்டுக் கைகழுவினான்.

விஷயம் இதுதான். ஒரு வீட்டில் விசிறி ஒரு கம்பெனி, ஏசி இன்னொரு கம்பெனி, ஜன்னல் மோட்டார், காபி மெஷின், பாட்டுப் பெட்டி என்று ஆளுக்கொரு கம்பெனி. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்துகொண்டு, நாம் வாயால் சொல்வதை அந்தந்தக் கருவிக்குப் புரிகிற மாதிரி அனுப்புகிற சின்ன மென்பொருள்தான் ப்ளக்இன். எந்தக் கட்டளை முதலில் போக வேண்டும், எது வரிசையில் நிற்க வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எத்தனை விநாடி விட வேண்டும் என்பதெல்லாம் அதன் பாடு. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இளம்பரிதி வேலை பார்த்த கம்பெனி இதற்குப் 'பணிவு' என்று பெயர் வைத்து, நாற்பது வீடுகளில் சோதனைக்கு விட்டிருந்தது. அதில் ஒன்று வடவள்ளியில் மூன்றாவது மாடியில் இருந்த அவனுடைய சொந்த வீடு.

வீட்டுக்குள் கேமரா வைக்கக் கூடாது, குரலைச் சேமிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்ட காலம். மைக் பெட்டி சொல்லைக் கேட்கும், கட்டளையாக்கும், குரலை அந்த நொடியே மறந்துவிடும். அப்படியானால் பேசியது யார் என்று வீட்டுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் இளம்பரிதியின் கெட்டிக்காரத்தனம். ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவே விழுகிற இடைவெளியை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்று அவன் கண்டுபிடித்தான். ஒருவர் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு உடனே விசிறியைச் சொல்வார், இன்னொருவர் விளக்கு எரிந்ததைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். கையெழுத்து மாதிரி அது ஆளுக்கு ஆள் வேறு. பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று எண் மட்டும் தெரியும்.

ஆள் ஒன்று அவன். ஆள் இரண்டு அவன் மனைவி சுகிர்தா. மருந்துக் கம்பெனிகளின் துண்டுப் பிரசுரங்களை வீட்டிலிருந்தபடியே மத்தியானம் வரை வாய் திறக்காமல் தமிழாக்கம் செய்கிறவள், நிதானக்காரி, ஒரு கட்டளை சொன்னால் நாலைந்து விநாடி பொறுத்துத்தான் அடுத்ததைச் சொல்வாள்.

ஆள் மூன்று யார்?

அன்று ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தக் கட்டளை எப்போது வந்தது என்று ப்ளக்இன் எழுதிவைக்கிற பதிவை, அதாவது லாக்கை, கம்ப்யூட்டரில் திறந்தான். ஆள் மூன்று வார நாட்களில் மட்டும் வருகிறார். மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறார், நாலரை, ஐந்துக்குப் போகிறார். வந்ததும் ஏசியை அணைக்கச் சொல்கிறார். அரை விநாடி விட்டு ஜன்னல்களை முழுக்கத் திறக்கச் சொல்கிறார். அதற்கடுத்த அரை விநாடியில் விசிறி ஐந்து. பிறகு குத்துப் பாட்டு, அதுவும் சத்தம் எண்பதில். பிறகு காபி, டிகாக்‌ஷன் தூக்கலாக, சர்க்கரை இரண்டு கரண்டி.

சுகிர்தா காபியை விட்டு ஆறு வருடமாகிறது. இளம்பரிதி கிரீன் டீக்கு மாறியபோது அவளும் மாறிவிட்டாள். பாட்டுச் சத்தம் இருபதைத் தாண்டினால் அவனுக்குத் தலைவலி வரும் என்பதால் வீட்டில் பாட்டே குறைவு. ஏசி இருபத்துநாலு, விசிறி இரண்டு, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

அப்படிப்பட்ட வீட்டில் தட்டாமல் கேட்காமல் உட்கார்ந்து காபி போட்டுக் குடிக்கிறான் ஒருத்தன். அவன் ஆண்தான் என்பதில் இளம்பரிதிக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த அவசரமும் அந்த உரிமையும் வேறு யாருக்கு வரும்? வயிறு பற்றி எரிந்தது.

வயிறு எரிந்தவனுக்கு ஆள் கிடைக்க எவ்வளவு நேரமாகும்? பக்கத்து ஃப்ளாட் ஜெரால்டு கிடைத்தார். சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் கடல், நாலு மாதம் வீடு. இப்போது வீட்டு மாதம். ஆறடி உயரம், லிஃப்ட் அதிர்கிற சிரிப்பு. போன மாதம் சுகிர்தா சுவரில் படம் மாட்ட அவரிடம் டிரில்லிங் மெஷின் வாங்கியிருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று அன்று கேட்காமல் விட்டது இப்போது முள்ளாகக் குத்தியது.

"ஜெரால்டு எப்பக் கப்பலுக்குத் திரும்பிப் போறாராம்?" என்று அன்று சாயங்காலம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"யாருக்குங்க தெரியும்? ஏங்க, அவர்கிட்ட ஏதாச்சும் வேணுங்களா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

சுகிர்தா வெண்டைக்காய் நறுக்குவதைத் தொடர்ந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடேயப்பா, என்ன அழுத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பல்வலி என்று சொல்லிவிட்டு ஆபீஸிலிருந்து கிளம்பினான். வடவள்ளி வரை காரை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. அடுக்ககத்தின் வாசலில் திரும்பும்போது மேலே பார்த்தான். மூன்றாவது மாடியில் அவன் வீட்டு ஜன்னல்கள் நாலும் விரியத் திறந்திருந்தன. திரைச்சீலை ஒன்று வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததுதான் தாமதம், பாட்டு நின்றது. ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. ஏசியின் வெளிப்பெட்டி உறுமத் தொடங்கியது.

பார்த்துவிட்டார்கள் என்று இளம்பரிதி முடிவு செய்தான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினான்.

உள்ளே சுகிர்தா மேசை முன்னால் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை. முடி கலைந்திருந்தது.

"என்னங்க, இந்நேரத்துல? உடம்பு சரியில்லீங்களா?"

"பல்லு" என்றான். குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தான். படுக்கையறையில் மாத்திரை தேடினான், கட்டிலுக்கு அடியில் கூட மாத்திரை தேடினான். பால்கனியில் துணி காய்ந்திருக்கிறதா என்று பார்த்தான். ஒருத்தரும் இல்லை. ஜெரால்டு வீட்டுப் பால்கனிக்கும் இவன் பால்கனிக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி. கப்பல்காரனுக்கு அது ஒரு தாண்டு.

சமையலறைத் தொட்டியில் ஒரு டம்ளர் இருந்தது. எடுத்து மோந்து பார்த்தான். காபி. அடியில் கரையாத சர்க்கரை. இன்னும் சூடு ஆறவில்லை.

ஒரே டம்ளர். சுகிர்தா காபி குடிப்பதில்லை. ஆக, குடித்தது வந்தவன். இந்தக் கணக்கில் எங்கே பிழை என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. சந்தேகப்படுகிறவனுக்கு எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

கேட்டிருக்கலாம். நேருக்கு நேர் உட்காரவைத்து, யார் வருகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் இளம்பரிதிக்கு அந்தக் கேள்வியின் பதில் பயமாக இருந்தது. பதினோரு வருடக் குடித்தனத்தை ஒரு வாக்கியத்தில் உடைத்துப் போட்டுவிடுவாளோ என்கிற பயம். அதனால் அவனுக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். ஆளை அடிக்க முடியாது, ஆளின் கட்டளையை அடிக்கலாம்.

ஆள் மூன்று சொல்வதெல்லாம் வரிசையின் கடைசியில் போய் நிற்கும்படி மாற்றினான். பன்னிரண்டு விநாடி தாமதம். மூன்றில் ஒரு கட்டளை அடியோடு தொலைந்துபோகும். எது தொலையும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. முழுக்க அடைத்தால் கோளாறு என்று தெரிந்துவிடும், இப்படி அரைகுறையாகச் செய்தால் சொன்னவனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும். வந்த இடத்தில் மரியாதை இல்லை என்று புரிந்து தானாகப் போய்விடுவான்.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு ஆபீஸில் செல்போனை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு லாக்கைப் பார்த்தான். ஆள் மூன்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறக்கவில்லை. மறுபடி சொன்னார். மறுபடி. பன்னிரண்டு விநாடி கழித்து ஜன்னல் பாதி திறந்து நின்று, அடுத்த கட்டளைக்குத்தான் மீதியும் திறந்தது. பாட்டு என்றார், வரவில்லை. காபி என்றார், வரவில்லை. காபி, காபி, காபி. நாலாவது தடவைக்கு மெஷின் இரண்டு டம்ளர் காபியைத் தொடர்ந்து ஊற்றியது. ஒன்று தரையில்தான் போயிருக்கும். இளம்பரிதி தனியாக உட்கார்ந்து சிரித்தான். எத்தனையோ நாளைக்கப்புறம் அன்று மத்தியானம் அவனுக்கு நன்றாகப் பசித்தது.

இரண்டு வாரத்தில் ஆள் மூன்றின் வேகம் குறைந்தது. அரை விநாடி இடைவெளி ஒரு விநாடியானது, இரண்டானது. கட்டளைகள் குறைந்தன. பாட்டு நின்றது. காபி நின்றது. மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னல் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஆள் மூன்று அமைதியாகிவிட்டார். அதன்பிறகு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அறிக்கை, 'வீட்டில் உள்ளவர்கள்: 2' என்றது.

அந்தச் சனிக்கிழமை இளம்பரிதி லிஃப்டில் ஜெரால்டைப் பார்த்துத் தானாகவே வணக்கம் சொன்னான். தோற்றவனிடம் பெருந்தன்மை காட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

"சார், ஒரே சிரிப்பா இருக்கீங்க, என்ன விசேஷம்?" என்றார் ஜெரால்டு.

"ஒண்ணுமில்லீங்க."

வீட்டில் சுகிர்தா முன்பைவிட அமைதியாகியிருந்தாள். இருக்காதா பின்னே என்று நினைத்துக்கொண்டான். அவளுடைய துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை உள்ளுக்குள் மென்றுகொண்டு, வெளியே ரொம்ப அன்பாக நடந்துகொண்டான். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"ஏங்க, நான் பேசறது உங்களுக்குத் தெளிவா கேக்குதுங்களா?"

"கேக்குதே. ஏன்?"

"வார்த்தை குழறுதோன்னு இருந்துது."

"அதெல்லாம் ஒண்ணும் குழறல. ரெண்டு இட்லி வை."

அவள் வைத்தாள். அவனுடைய வாயையே பார்த்தாள், இன்னொரு தடவை கேட்கலாமா என்பதுபோல. கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பர்வீன் அவன் அறைக்கு வந்தாள். நாற்பது வீடுகளின் தகவலையும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பது அவள் வேலை. முப்பது வயசு, எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள்.

"சார், மூணு மாச அறிக்கை ரெடி. ஒரு விசித்திரம் இருக்குங்க. நாப்பது வீட்ல முப்பத்தேழுல ஒரு ஆள் அதிகமா காட்டுது."

இளம்பரிதிக்கு நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை. "எல்லா வீட்லயுமா?"

"ஆமாங்க. குடும்பத்துல மத்தவங்க வெளிய போனதும் வர்றாங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள போயிடறாங்க."

முப்பத்தேழு வீட்டில் முப்பத்தேழு ஜெரால்டு இருக்க முடியாது. அப்படியானால் இது மென்பொருளின் பிழை. ஆள் மூன்று என்று ஒருத்தனே கிடையாது! இளம்பரிதிக்குப் பர்வீனின் காலில் விழலாம்போல இருந்தது.

"பக்தான். இடைவெளிக் கணக்குல ஏதோ பக்" என்றான், சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். அப்புறம் என் வீட்டு லாக்கை எடுத்துப் பாத்தேன். எங்க வீட்லயும் இருக்குது. எங்க மாமியார் வாக்கிங் போற ஒரு மணி நேரம் மட்டும் வர்ற ஆளு." பர்வீன் சிரித்தாள். "அது நாந்தான்."

"நீங்களா?"

"மாமியார் இருக்கறப்ப நான் லைட்டைப் போடச் சொன்னா, 'இப்ப எதுக்கு லைட்டு'ம்பாங்க. அதனால ஒண்ணைச் சொல்லிட்டு, அவங்க ஏதாச்சும் சொல்றாங்களான்னு பாத்துட்டுத்தான் அடுத்ததைச் சொல்லுவேன். அது எனக்கே தெரியாம வந்த பழக்கம். அவங்க இல்லேன்னா பாக்க மாட்டேன், படபடன்னு சொல்லுவேன். இடைவெளி மாறிடுது. நம்ம ப்ளக்இன் இது வேற ஆளுன்னு முடிவு பண்ணிருச்சு. பக் இல்ல சார். அது சரியாத்தான் எண்ணுது. கணபதி ஏரியாவுல ஒரு வீட்ல அந்த ஆளு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருங்க. மருமக ஆபீஸ் போனதும் வர்றாரு."

இரண்டு மணிக்குத் தன் வீட்டுக்கு வருகிற ஆள் யார் என்று இளம்பரிதிக்கு இப்போது தெரிந்தது.

"இன்னொண்ணும் இருக்குங்க சார். நீங்க போட்டீங்கல்ல, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் அடிக்கடி மாத்திச் சொல்றாருன்னா, மோட்டார் வீணா ரெண்டு தடவை ஓட வேண்டாம், கொஞ்சம் காத்திருந்து செய்யட்டும்னு."

"ஆமா." அதற்குத்தான் போன வருடம் அவனை மேடையேற்றிக் கைதட்டினார்கள்.

"அதனால ரெண்டாவது ஆளு சொன்னா வீடு உடனே செய்யறதில்ல. நாலு செகண்ட் முதல் ஆளோட வாயைப் பாத்துட்டுத்தான் செய்யுது. மூணாவது ஆளுக்கு அந்தக் காத்திருப்பு இல்ல, மாத்திச் சொல்ல யாரும் வீட்ல இல்லையே. முதல் ஆளோட வண்டி கேட்டுக்குள்ள வந்தா, இவங்க செஞ்சதையெல்லாம் வீடு தானாவே பழையபடி மாத்தி வெச்சிருது. எப்படியும் அவர் மாத்தத்தான் போறாருன்னு கத்துக்கிருச்சு."

சாத்திக்கொண்ட ஜன்னல்கள் இளம்பரிதியின் கண்முன்னால் வந்தன.

"இப்ப மேனேஜ்மென்ட் என்ன சொல்லுதுன்னா, வாடிக்கையாளர் பயந்துருவாங்க, ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே ஆளா இணைச்சிருங்கன்னு. இணைச்சா அந்த நாலு செகண்ட் இவங்களுக்கும் வந்துரும் சார். யாருமே இல்லாத வீட்லயும் யாரோ வேண்டாம்னு சொல்லுவாங்களான்னு காத்திருக்கணும்." பர்வீன் அறிக்கையில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "உங்க வீட்ல அது முன்னமே நடந்திருக்கு. மூணாவது ஆளுக்குப் பன்னெண்டு செகண்ட் தாமதம், மூணுல ஒண்ணு தொலையணும். யாரோ கையால எழுதியிருக்காங்க. யாருங்க சார் அது?"

அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள். இளம்பரிதி மேசையைப் பார்த்துக்கொண்டு, "இணைக்க வேண்டாம்னு எழுதிடுங்க. மேலிடத்துல நான் பேசிக்கறேன்" என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னான். அறிக்கை, லாக், பன்னிரண்டு விநாடி, தரையில் ஊற்றிய காபி. சுகிர்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைச் சந்தேகப்பட்டீங்களா?"

"உன்னை இல்ல சுகி. அவனை."

"எவனைங்க?"

ஜெரால்டின் பெயரைச் சொல்ல வாய் கூசியது.

சுகிர்தா அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்து மேசையில் போட்டாள். ஸ்கேன் படம். தலையின் உட்புறம் கறுப்பு வெள்ளையில் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"எங்கம்மாவுக்குப் பக்கவாதம் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. பேசறது மத்தவங்களுக்குப் புரியாமப் போச்சு. எனக்கும் அதேதான்னு நினைச்சேன். ஜன்னலத் திறன்னு பத்து தடவை சொல்றேன், வீட்டுக்குப் புரியல. நீங்க வந்தப்புறம் சொன்னா மெதுவாவாச்சும் புரியுது. தனியா இருக்கறப்பத்தான் வாய் குழறுதுன்னு முடிவு பண்ணிட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு ஜன்னல், ஜன்னல்னு சொல்லிப் பாப்பேன். தனியாப் போயி அந்த மெஷினுக்குள்ள அரை மணி நேரம் படுத்துட்டு வந்தேன். டாக்டர் ஒண்ணுமில்லைன்னாரு, நான் நம்பல. உங்ககிட்டச் சொன்னா பயந்துக்குவீங்கன்னு சொல்லல."

இளம்பரிதி ஸ்கேன் படத்தைத் தொட்டான், பிறகு கையை எடுத்துக்கொண்டான். அவன் மத்தியானங்களில் மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு சிரித்தபோதெல்லாம் இவள் இங்கே கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாள்.

"என்னை மன்னிச்சிரு சுகி."

"அதை அப்புறம் பாப்போம். அந்த லாக்கை எனக்குக் காட்டுங்க."

காட்டினான். அவள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். குத்துப் பாட்டு, சத்தம் எண்பது என்ற இடத்தில் உதடு லேசாக விரிந்தது. "இவ பரவால்லீங்க. எனக்குப் பிடிச்சிருக்கு இவளை" என்றாள்.

இளம்பரிதிக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது, ஆனால் அந்த நேரத்திலும் அவனுக்குப் பொறாமைதான் வந்தது. ஜெரால்டின்மேல் பட்டதைவிட அதிகமாகப் பட்டது. யாருமே இல்லாத வீட்டுக்கு இவள் கொடுத்திருக்கிற இந்தக் குதூகலத்தில் ஒரு துளியைப் பதினோரு வருடத்தில் தனக்குக் கொடுக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. அவன் அதை வாய்விட்டே கேட்டான்.

"நான் இருக்கறப்ப ஏன் இப்படி இல்ல?"

சுகிர்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சோதனை ஆரம்பிச்ச மூணாவது வாரம், நான் எங்கக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனேனுங்கல்ல? பத்து நாள் நீங்க மட்டும் தனியா இருந்தீங்க. அதை எடுங்க."

எடுத்தான். பத்து நாளும் ஆள் ஒன்று மட்டுமே இருந்தது. ஏசி இருபத்துநாலு. விசிறி இரண்டு. ஜன்னல் சாத்தியபடி. சத்தம் இருபதில் செய்தி. கட்டளைகளுக்கு நடுவேயிருந்த இடைவெளியை அதற்கு முந்தைய பத்து நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஒரு விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை.

அவனுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டானது. "பாத்தியா, நான் எப்பவும் ஒரே ஆளுதான். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு எங்கிட்டக் கிடையாது."

"ஆமாங்க. அதைத்தான் பாக்கச் சொன்னேன்." சுகிர்தாவின் குரல் உயரவில்லை. "இன்னொரு ஆள் கூட இருந்தா யாரும் கொஞ்சம் மாறத்தாங்க செய்வாங்க. அவங்களுக்கு எது பிடிக்கும், எது தலைவலின்னு பாத்து நடந்துக்குவாங்க. நான் மாறினேன், அதனாலதான் வீட்டுக்கு நான் ரெண்டு ஆளாத் தெரியறேன். நீங்க மாறவே இல்ல. நான் இங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். உங்க வீட்ல மூணு பேருமில்லீங்க, ரெண்டு பேருமில்ல. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டது. சுகிர்தா ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்க வெளிய போயிடுங்க" என்றாள்.

"எங்க போறது?"

"எங்கயாச்சும் போங்க."

மறுநாள் காலை இளம்பரிதி ஆள் மூன்றின்மேல் போட்டிருந்த தாமதத்தை எடுத்தான். கார் வந்தால் மாற்றிவைக்கிற பழக்கத்தையும் அந்த நாலு விநாடியையும் எடுத்தான். கடைசியில் லாக்கைப் பார்க்கிற தன்னுடைய அனுமதியையும் நீக்கினான். அதை நீக்க மட்டும் கை வர ரொம்ப நேரமாயிற்று. இரண்டு மணிக்கு நடந்தே கிளம்பி, பஸ் ஸ்டாப் பக்கத்து பேக்கரியில் போய் உட்கார்ந்தான்.

ஒரு தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டான். இரண்டரை ஆனது. போனை எடுத்து மேசையில் குப்புற வைத்தான். இந்நேரம் ஜன்னல் திறந்திருக்குமா? வந்திருப்பாளா? நாலு வாரமாக அடிபட்ட ஆள் ஒரே நாளில் வந்துவிடுவாளா? எழுந்து போய்க் கீழேயிருந்து ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாமா என்று கால் பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தான். யாரோ அவன் வீட்டில் அவனில்லாமல் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்கிற நினைப்பு, அது அவனுடைய மனைவியேதான் என்று தெரிந்த பிறகும், அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

ஐந்து மணிக்குப் போன் செய்தான். நாலைந்து தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள். இளம்பரிதி தன் சொந்த வீட்டுக்குப் போவதற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான்.

"சுகி, வரலாமா?"

பின்னால் பாட்டு காதைப் பிளந்தது. அதற்கு மேலாகக் கத்தித்தான் அவள் பேச வேண்டியிருந்தது. குரலில் மூச்சிரைப்பு இருந்தது, ஆடிக்கொண்டிருந்திருப்பாள்.

"இன்னும் அரை மணி நேரம் கழிச்சு வாங்க" என்றாள். நடுவில் இடைவெளியே விடவில்லை.

சரி என்றான். போனை வைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னான்.